பாத்துமுத்துவின் பெட்டியில் இருந்த வெள்ளைத் தட்டு

1

போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுதுவிட்டு வீட்டுக்கு வந்தேன். கூடத்துச் சுவரில், மக்கா படத்துக்குக் கீழே, என்னுடைய பழைய சான்றிதழ் தொங்கிக்கொண்டிருந்தது. கறுப்புச் சட்டம், மேலே கண்ணாடி, பின்னால் புது அட்டை. என் பேத்தி நபீஸா செய்த வேலை. எனக்குத் தெரியாமல் இரும்புப் பெட்டியிலிருந்து எடுத்துக் கடைத்தெருவில் கொடுத்துச் சட்டம் போட்டிருக்கிறாள். நான் பினாங்கில் கால் வைத்த நாள் இந்த மாதத்தில்தான் வருகிறது. அதற்கு அவள் கொடுக்கும் பரிசாம்.

"தோக், நல்லா இருக்கா?" என்று கேட்டாள். மலாய்ப் பிள்ளைகள் தாத்தாவைக் கூப்பிடுவதுபோல என்னைத் தோக் என்றுதான் கூப்பிடுவாள். தமிழ் பேசுவாள், ஆனால் ஒவ்வொரு சொல்லையும் சட்டைப் பையில் தேடி எடுப்பதுபோலப் பேசுவாள்.

சான்றிதழ் ஆங்கிலத்தில் இருக்கிறது. எனக்கு இருபத்து மூன்று வயதில் ஒரு டாக்டரம்மா எழுதிக் கொடுத்தது. மருத்துவச்சிகளுக்கு நடந்த பயிற்சி வகுப்பில் இந்த இளைஞர் என் சொற்களை ஒன்றும் விடாமல் உண்மையாக மொழிபெயர்த்தார், இவரை எந்தப் பொறுப்பிலும் நம்பலாம் என்று அதில் இருக்கிறது. நபீஸா அதை வாய்விட்டுப் படித்துக் காட்டினாள். அவளும் இப்போது ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்க்கப் படித்துக்கொண்டிருக்கிறாள். அதனால் அவளுக்குப் பெருமை இரட்டிப்பு.

நல்லா இருக்கிறது என்றேன். அன்றிலிருந்து நான் கூடத்தில் உட்காரவில்லை. சாப்பாட்டை அடுப்படியிலேயே முடித்துக்கொள்கிறேன். செய்தி கேட்க ரேடியோவை அறைக்குள் தூக்கி வந்துவிட்டேன். படுத்தால் மனசு எழுந்து உட்காரச் சொல்கிறது, உட்கார்ந்தால் நடக்கச் சொல்கிறது. கடற்கரைவரை போய், போன வேகத்திலேயே திரும்பி வருகிறேன்.

அந்தக் காகிதத்தில் இருப்பது பொய். அந்தப் பொய்யால் ஒரு பெண்ணின் தொழிலும் பேரும் போயின. ஊரில் செய்ததை ஊருக்குத்தான் சொல்ல வேண்டும் என்பதால் இதை ஊர்ப்பக்கத்து ஆட்களான உங்களுக்கு எழுதுகிறேன்.

2

எங்கள் ஊர் கீழக்கரைக்கு மேற்கே, கடலை ஒட்டிய சின்ன ஊர். சுதந்திரம் வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. ஆண்களில் பாதிப்பேர் கொழும்பில் இருந்தார்கள். பெண்கள் வீட்டில் இருந்தார்கள், வீட்டிலேயே பெற்றார்கள். நான் இண்டர்மீடியட் முடித்துவிட்டுச் சுகாதார ஆபீஸில் கிளார்க்காக இருந்தேன். பிறப்பு இறப்புப் பதிவேடு என் பொறுப்பு. ஒரே நாளில் பிள்ளையைப் பிறப்பிலும் தாயை இறப்பிலும் எழுதிய நாட்கள் உண்டு. காரணம் என்ற கட்டத்தில் பிரசவ ஜன்னி, பிரசவ ஜன்னி என்று எழுதிக் கை பழகியிருந்தது.

இப்படியே விடக்கூடாது என்று சர்க்கார் முடிவு செய்தது. தலைமுறை தலைமுறையாகப் பிரசவம் பார்த்துவந்த மருத்துவச்சிகளைக் கூப்பிட்டு ஒரு மாதம் பயிற்சி கொடுத்து, ஆளுக்கொரு பெட்டியும் கொடுப்பதென்று உத்தரவு வந்தது. பாடம் நடத்த வடக்கே எங்கிருந்தோ ஒரு டாக்டரம்மா வந்து சேர்ந்தார். "வாங்க", "உக்காருங்க", "சுத்தம்" என்ற மூன்று சொற்களோடு அவருடைய தமிழ் முடிந்துவிடும். அவர் சொல்வதைத் தமிழில் எடுத்துச் சொல்ல ஒரு நர்ஸ் வர வேண்டும். நர்ஸைப் போட்ட ஆர்டர் வந்தது, நர்ஸ் வரவில்லை.

ஆபீஸர் என்னைக் கூப்பிட்டார். "நீதானப்பா இங்கிலீஷ் படிச்சவன். நீ சொல்லு."

"சார், பொம்பளைங்க வகுப்பு..."

"திரை கட்டிக்கிட்டாப் போச்சு."

பழைய பாய்மரத் துணி ஒன்றை எடுத்துக் கூடத்தின் குறுக்கே கட்டினார்கள். அந்தப் பக்கம் டாக்டரம்மா, பதினோரு மருத்துவச்சிகள், ஒரு துணிப் பொம்மை. இந்தப் பக்கம் வராந்தாவில் ஒரு நாற்காலி போட்டு, கடலைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டு நான். டாக்டரம்மா என்ன சொல்கிறார் என்று எனக்குக் கேட்கும். என்ன காட்டுகிறார் என்று தெரியாது.

கை கழுவுவதும் நகம் வெட்டுவதும் முதல் வாரப் பாடம். அதில் எனக்குக் கஷ்டமில்லை. நகத்தை ஒட்ட வெட்ட வேண்டும் என்று சொன்னதும் சூசையம்மா என்ற மருத்துவச்சி திரைக்குப் பின்னாலிருந்து கேட்டார். மீனவர் தெருவில் பிரசவம் பார்ப்பவர், வாய் சும்மா இருக்காது.

"ஏ தம்பி, நகத்த ஒட்ட வெட்டிப்புட்டா எறால் தோல எதால உரிக்கிறதாம்? அதையும் அந்தம்மாகிட்ட கேட்டுச் சொல்லு."

எல்லோரும் சிரித்தார்கள். பாத்துமுத்து லாத்தா மட்டும் அதட்டினார். "சும்மா இரு சூசை. அது வெக்கப்படுது. தம்பி, நீங்க மேல சொல்லுங்க."

பாத்துமுத்து எங்கள் தெருவுக்கு மருத்துவச்சி. அப்போது நாற்பத்தைந்து வயது இருக்கும். என் உம்மாவுக்குப் பிரசவம் பார்த்தது அவருடைய உம்மா. பெரியவர்கள் அவரை "ஏ பாத்துமுத்து" என்று தெருவில் நின்று கூப்பிடுவார்கள். நான் அக்கா முறை வைத்து லாத்தா என்பேன். கேட்ட பாடத்தை வீட்டுக்குப் போகும்போது உதட்டை அசைத்துச் சொல்லிக்கொண்டே போவார். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்பதால் நெஞ்சில்தான் எழுதிவைக்க வேண்டியிருந்தது.

3

இரண்டாவது வாரத்தில் பாடம் உடம்புக்கு வந்தது. எனக்கு வேர்க்கத் தொடங்கியது.

அந்தச் சொற்கள் எனக்குத் தெரியாதவை அல்ல. அவற்றை எங்கள் வீட்டில் ஒருவரும் ஆண்பிள்ளை காதில் விழச் சொல்ல மாட்டார்கள். பெண்கள் "அது" என்பார்கள், அதையும் குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள். திரைக்குப் பின்னால் இருந்தவர்களோ நான் லாத்தா என்றும் மாமி என்றும் கூப்பிட்டு வளர்ந்தவர்கள். டாக்டரம்மா நாலு வாக்கியம் சொன்னால் நான் ஒன்று சொன்னேன். ஒருநாள் அவர் ஆங்கிலத்தில் கேட்டார்:

"தமிழ் இவ்வளவு சுருக்கமான மொழியா?"

"ஆமாம் மேடம், ரொம்பச் சுருக்கம்" என்றேன். அவர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

மூன்றாவது வாரம் அவர் ஒரு விஷயத்தை மட்டும் அரை மணி நேரம் பேசினார். பிள்ளை பிறந்த பிறகு விழும் நஞ்சைப் பற்றிய பாடம். எங்கள் பக்கத்தில் அதை யாரும் பார்க்கமாட்டார்கள். விழுந்ததும் புதுச் சட்டியில் போட்டு, உப்பும் மஞ்சளும் தூவி, மூடி, கொல்லையில் புதைத்துவிடுவார்கள். யார் கண்ணாவது பட்டால் தாய்க்குப் பால் வற்றும் என்பது நம்பிக்கை. மருத்துவச்சியே முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் சட்டியில் போடுவார். டாக்டரம்மாவுக்கு இந்தப் பழக்கம் தெரிந்திருந்தது. அதனால்தான் அரை மணி நேரம் பேசினார். அதைப் பார்த்தே ஆக வேண்டும், எப்படிப் பார்ப்பது, ஏன் பார்ப்பது என்று மூன்று முறை திருப்பித் திருப்பிச் சொன்னார். பெட்டியில் கொடுத்திருந்த அகலமான வெள்ளை எனாமல் தட்டு அதற்குத்தான்.

நான் தமிழில் சொன்னது இவ்வளவு: "பிள்ளை பிறந்த பிறகு உள்ளதெல்லாம் உங்களுக்குத் தெரிஞ்சதுதான். அவசரப்படாமல் பொறுமையா இருக்கணும். எல்லாம் சுத்தமா இருக்கணும்."

திரைக்குப் பின்னாலிருந்து பாத்துமுத்து லாத்தாவின் குரல் வந்தது.

"தம்பி, அந்தம்மா வெறுந் தட்ட கையில வச்சுக்கிட்டு ரொம்ப நேரமாப் பேசுறாக. கைய விரிச்சு விரிச்சுக் காட்டுறாக. அந்தத் தட்டு எதுக்கு?"

நான் கடலைப் பார்த்தேன். "சோப்பு வைக்க" என்றேன்.

"சோப்புக்கா இம்புட்டுப் பெரிய தட்டு?"

"கவர்மெண்டு தட்டு லாத்தா. அப்படித்தான் இருக்கும்."

சூசையம்மா, "கவர்மெண்டு சோப்பு யான மாதிரி இருக்கும் போல" என்றார். பதினோரு பேரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. பாடம் முடிந்ததா என்று டாக்டரம்மா கேட்டார். முடிந்தது என்றேன்.

4

இடையில் இதையும் சொல்லிவிடுகிறேன். அந்தக் காகிதம் பெட்டியை விட்டு வெளியே வந்ததற்குக் காரணம் என் மகன். இத்தனை வருடமாக நான் இந்த நாட்டில் சிவப்பு அடையாள அட்டையில் இருக்கிறேன். குடியிருக்கலாம், குடிமகன் இல்லை. வயதான காலத்தில் ஆஸ்பத்திரிக்கும் மற்றதுக்கும் குடிமக்களுக்கான நீல அட்டை நல்லது என்று மகன் விண்ணப்பப் பாரங்களை வாங்கி வந்தான். முதன்முதலில் எந்தத் தகுதியில் உள்ளே வந்தீர்கள் என்று ஒரு கேள்வி. அதற்கு ஆதாரமாகத்தான் இதைத் தேடி எடுத்து, படியெடுத்துத் திருப்பி வைத்தோம். அப்போதுதான் இது நபீஸாவின் கண்ணில் பட்டது.

கவுண்டரில் இருந்த மலாய்ப் பெண்ணுக்கு என் பேத்தி வயது. படியைப் பார்த்துவிட்டு, "உண்மையான மொழிபெயர்ப்பாளர். பாக்சிக், அருமை" என்று மாமா முறை வைத்துச் சொன்னாள். நன்றி சொன்னேன். இன்னும் இரண்டு இடத்தில் கையெழுத்துப் போடச் சொன்னாள். மேலே உள்ளதெல்லாம் உண்மை என்ற வரிக்குக் கீழேதான் இரண்டும். போட்டேன்.

5

ஹாஜராவின் வீடு எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது. பத்தொன்பது வயது. புருஷன் கொழும்பில் கடையில் இருந்தார். அவருக்கு அவள் எழுதும் கடிதத்துக்கு மேல்விலாசம் இங்கிலீஷில் எழுதித் தருவது என் வேலை. அண்ணன் முறை வைத்துக் காக்கா என்று கூப்பிட்டு, ஜன்னல் வழியாகக் கவரை நீட்டுவாள்.

"காக்கா, மச்சான் பேர கொஞ்சம் அழகா எழுதுங்க. போன தடவ கோழி கிளறுன மாதிரி இருந்துச்சாம், கடையில எல்லாரும் சிரிச்சாகளாம்."

பயிற்சி முடிந்த மூன்றாவது மாதம் அவளுக்கு வலி வந்தது. பாத்துமுத்து பெட்டியோடு போனார். பிறகு பலர் சொல்லிக் கேட்டதுதான் இது. கத்தரியைக் கொதிக்கிற நீரில் போட்டார். பிரஷ்ஷால் முழங்கைவரை தேய்த்துக் கழுவினார். வீட்டுக் கிழவிகள் சாணம் மெழுக வந்தபோது வாசலில் மறித்து அனுப்பிவிட்டார். சோப்பை வெள்ளைத் தட்டில் வைத்தார். உச்சிக்கு முன்னால் பெண் குழந்தை பிறந்தது. சிறிது நேரத்தில் நஞ்சும் விழுந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு சட்டியில் போட்டு மூடினார்கள். கிணற்றடியில் புதைத்தார்கள்.

மூன்றாம் நாள் காலையில் ஹாஜராவுக்கு இரத்தம் கொட்டத் தொடங்கியது. கீழக்கரைக்கு ஆள் ஓடிக் கார் பிடித்து வந்து, ராமநாதபுரம் போய்ச் சேருவதற்குள் வழியிலேயே உயிர் போய் மௌத்தாகிவிட்டாள். நஞ்சில் ஒரு துண்டு உள்ளேயே தங்கிவிட்டது என்று அங்கே சொன்னார்கள்.

பதிவேட்டில் நான்தான் எழுதினேன். முந்தின வாரம் அவள் நீட்டிய கவருக்கு மேல்விலாசம் எழுதியதும் இதே கைதான். அந்தக் கடிதம் கொழும்பைச் சேர்வதற்குள் தந்தி போய்ச் சேர்ந்திருக்கும்.

6

டாக்டரம்மா விசாரணைக்கு வந்தார். அதே கூடம், அதே பாய்மரத் துணி, அதே நாற்காலி. அந்தப் பக்கம் டாக்டரம்மாவும் பாத்துமுத்துவும் மட்டும். மற்றப் பத்துப் பேரில் ஒருவரைக் கூப்பிட்டிருந்தாலும் உண்மை வெளியே வந்திருக்கும். கூப்பிடவில்லை.

நஞ்சைத் தட்டில் விரித்துப் பார்த்தாளா என்று கேட்கச் சொன்னார். அப்போதாவது அந்தக் கேள்வியை அப்படியே தமிழில் கேட்டிருக்கலாம். "லாத்தா, தட்டப் பயன்படுத்துனீங்களான்னு கேக்குறாங்க" என்றேன்.

"பயன்படுத்துனேனே தம்பி. நீங்க சொன்ன மாதிரியேதான். சோப்ப அதுலதான் வச்சேன். பொட்டியத் தொறந்து பாக்கச் சொல்லுங்க, சோப்புக் கற இன்னம் இருக்கும்."

பதிலுக்காக டாக்டரம்மா காத்திருந்தார். கடலில் ஒரு வள்ளம் பாய் இறக்கிக்கொண்டிருந்தது. நான் ஆங்கிலத்தில் சொன்னேன்: "மறந்துவிட்டதாகச் சொல்கிறாள், மேடம்."

"மூன்று முறை சொன்னேனே! நீயும் சொன்னாய் அல்லவா?"

"சொன்னேன், மேடம்."

முதல் தவறு வெட்கத்தால் வந்தது. அதற்கு வயதைக் காரணம் சொல்லலாம், ஊர் வழக்கத்தைக் காரணம் சொல்லலாம், வராத நர்ஸைச் சொல்லலாம். இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் அப்படி எதுவும் இல்லை. வேலை போய்விடும் என்று பயந்தேன். தெரு என்னை என்ன சொல்லும் என்று பயந்தேன். அவ்வளவுதான்.

பெட்டியைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். தட்டைத் துப்பட்டியின் முனையால் துடைத்து வைத்துவிட்டுத்தான் பாத்துமுத்து கொடுத்தாராம். வெளியே வந்து, வராந்தாவின் கீழே நின்று கேட்டார்.

"தம்பி, நான் சொன்னத அப்படியே சொன்னியளா?"

"சொன்னேன் லாத்தா."

"அப்ப எதுக்குப் பொட்டிய வாங்குறாக?"

"மேலிடத்து ஆர்டர் லாத்தா."

அவர் நம்பினார். படித்தவன் சொன்னால் நம்பும் பழக்கம் அவருக்கு இருந்தது.

அதன்பிறகு எங்கள் தெருவில் அவரை ஒருவரும் கூப்பிடவில்லை. ஹாஜராவின் உம்மா அவர் வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றினார். "ஏண்டி, சர்க்காரே சொல்லிருச்சு, நீ மறந்துட்டேன்னு. எம்மக உசிரு ஒனக்கு மறந்து போற சாமானா?" அந்தச் சொல்லை நான்தான் அந்த அம்மாவின் வாயில் வைத்தேன். பாத்துமுத்து கதவைச் சாத்திக்கொள்ளாமல் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். தான் எப்போது மறந்ததாகச் சொன்னோம் என்று அன்றுதான் அவருக்கு முதல் சந்தேகம் வந்திருக்க வேண்டும். அந்த மாதக் கடைசியில் வாலிநோக்கம் உப்பளத்தில் உப்புச் சுமக்கப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன்.

டாக்டரம்மாவுக்கு மாற்றல் வந்தது. போகும்போது என்னைக் கூப்பிட்டு, நீ நல்ல பையன், இந்த ஊரில் கிடந்து வீணாகாதே என்று சொல்லி அந்தச் சான்றிதழை எழுதிக் கொடுத்தார்.

7

மலாயாவுக்கு அப்போது நினைத்தவர்கள் எல்லாம் வர முடியாது. ஒரு தகுதி வேண்டும். பினாங்கில் எங்கள் ஊர்க்காரர் ஒருவர் சான்றிதழைக் காட்டி, ஆஸ்பத்திரியில் மொழிபெயர்ப்பாளர் வேலைக்கு ஏற்பாடு செய்தார். கப்பலுக்குப் பத்து நாள் இருந்தது.

ஒரு மத்தியானம் வாசலில் குரல் கேட்டது. நான் உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

"உம்மா, மகன் இருக்காகளா?"

நான் உம்மாவைப் பார்த்துத் தலையை ஆட்டினேன், இல்லை என்று சொல்லும்படி. உம்மா ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டு வாசல் திரைக்குப் போனார்கள்.

"இல்ல பாத்துமுத்து, ராம்நாடு போயிருக்கான். என்ன சோலி?"

"பெரிய சோலி இல்ல. சூசை ரெண்டாவது ட்ரெய்னிங்குக்கு ராம்நாடு போயிட்டு வந்தா. அங்கன ஒரு தமிழ் நர்சம்மா பாடம் நடத்துச்சாம். அந்தத் தட்டு எதுக்குன்னு அது சொல்லிச்சாம். என்னத் தேடிக்கிட்டு உப்பளத்துக்கே வந்து சொன்னா. நான் சண்டைக்கு வரல உம்மா. அன்னைக்கு நான் சோப்புன்னு சொன்னேன்ல, அத அந்த டாக்டரம்மாகிட்ட என்னன்னு சொன்னாகன்னு மட்டும் கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன்."

"படிச்ச புள்ள. தப்பா எதுவும் சொல்லியிருக்க மாட்டான்."

"ஆமா. படிச்ச புள்ளதான்."

அவர் போகவில்லை. எதிர்வீட்டுச் சுவர் நிழலில் போய் நின்றுகொண்டார். சோறு கையில் காய்ந்துகொண்டிருந்தது. நான் இருந்த இடத்திலிருந்து வாசல் திரையின் அடியில் ஒரு சாண் வெளிச்சம் தெரியும். அதில் அவருடைய பாதங்கள் தெரிந்தன. உப்புத் தின்று வெளுத்து, குதிகால் பாளம் பாளமாக வெடித்திருந்தது. வெடிப்பில் கந்தைத் துணியைக் கிழித்துக் கட்டியிருந்தார். சாயங்காலத் தொழுகைக்கு அஸர் பாங்கு சொல்லும்வரை அந்தப் பாதங்கள் அங்கேயே இருந்தன. ஒன்று மாற்றி ஒன்று ஊன்றி நின்றன. பிறகு இல்லை.

எழுந்து பத்து அடி நடந்திருந்தால் போதும். நான் எழவில்லை.

உம்மா என் தட்டை எடுத்தார்கள். என் முகத்தைப் பார்க்காமலே, "கப்பல் என்னைக்கு?" என்று கேட்டார்கள். அதற்குப் பிறகு மௌத்தாகும்வரை உம்மா எனக்கு எழுதச் சொன்ன ஒரு கடிதத்திலும் பாத்துமுத்துவின் பேர் வந்ததில்லை. நானும் கேட்டதில்லை.

8

பினாங்கு ஆஸ்பத்திரியில் முப்பது வருடம் மொழிபெயர்த்தேன். ரப்பர்த் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள் வருவார்கள். வெள்ளைக்கார டாக்டர், பிறகு சீன டாக்டர், மலாய் டாக்டர். ஊரில் வராத அந்தச் சொற்கள் எல்லாம் இங்கே தண்ணீராக வந்தன. லாத்தாவும் மாமியும் இல்லாத ஊரில் எனக்கு வெட்கமும் இல்லை. ஒரு சொல் விடமாட்டார் என்று பேர் எடுத்தேன். ஒவ்வொரு முறையும் ஒரு கல் இறங்குகிறது என்று நினைத்துக்கொள்வேன். ஒன்றும் இறங்கவில்லை. இங்கே சரியாகச் சொன்னது அங்கே போய்ச் சேராது.

இந்தச் செவ்வாய்க்கிழமை நபீஸா ஒரு தாளும் பேனாவுமாக அடுப்படிக்கு வந்தாள்.

"தோக், கெடா தோட்டங்கள்லேருந்து எங்க ஹாஸ்பிட்டலுக்குத் தமிழ்ப் பாட்டிங்க, அக்காங்க வர்றாங்க. எனக்குச் சில வேர்ட் தமிழ்ல தெரியல. பேபி பிறந்த பிறகு வருமே, பிளசெண்டா, அதுக்கு என்ன?"

"அது... அதான், பிறகு வர்றது."

"பிறகு வர்றதுன்னு சொன்னா அவங்களுக்குப் புரியுமா?"

"புரியும். பொம்பளைங்களுக்குத் தெரியும்."

சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது. அன்று வராந்தாவில் உட்கார்ந்து சொன்ன அதே பதில். முப்பது வருடம் அந்நியப் பெண்களிடம் சொன்ன சொல், என் பேத்தி முகத்தைப் பார்த்ததும் உள்ளே போய் ஒளிந்துகொண்டது. கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தேன். உட்காரச் சொன்னேன். பாய்மரத் துணியிலிருந்து பாதங்கள்வரை எல்லாவற்றையும் சொன்னேன். தமிழ் புரியாத இடத்தில் மலாயில் சொன்னேன்.

அவள் அழவில்லை, என் கையைப் பிடித்துக்கொள்ளவும் இல்லை.

"அவங்களுக்கு லெட்டர் போட்டீங்களா?"

"இல்ல."

"ஏன்?"

"படிக்கத் தெரியாது."

"யாராவது படிச்சுக் காட்டியிருப்பாங்கதானே?" என்றாள். "எங்க ஹாஸ்பிட்டல்ல தப்பு நடந்தா ரிப்போர்ட் எழுதணும், தோக். என்ன நடந்துச்சோ அப்படியே எழுதணும். அடுத்தவங்க மேல மாத்தி எழுதினா வேலையே போயிடும்." கூடத்துப் பக்கம் பார்த்தாள். "அதை நான் கழட்ட மாட்டேன். நீங்களே கழட்டுங்க."

அந்தத் தாளையும் பேனாவையும் மேசைமேல் விட்டுவிட்டு டூட்டிக்குப் போய்விட்டாள்.

9

நாற்காலியைப் போட்டு ஏறிக் கழற்றிவிட்டேன். ஆணி அப்படியே இருக்கிறது. பாரம் கொடுத்த ஆபீஸுக்கும், அந்தச் சான்றிதழ் பொய் என்று ஒரு கடிதம் எழுத வேண்டும். மகன் சண்டை போடுவான்.

வாலிநோக்கம் பக்கத்தில் பாத்துமுத்துவின் மக்களோ மக்களின் மக்களோ இருந்தால், உங்கள் உம்மா மறக்கவில்லை. அவருக்கு யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவன் நான். அவர் கேட்கவும் செய்தார், நான் பொய் சொன்னேன். ஹாஜரா பெற்ற அந்தப் பெண் குழந்தைக்கு இப்போது பேரப்பிள்ளைகள்கூட இருக்கலாம். உங்கள் தாயின் உயிர் போனதில் பாத்துமுத்துவுக்குப் பங்கில்லை, எனக்கு உண்டு என்று அவருக்கும் சொல்லிவிடுகிறேன்.

நபீஸா விட்டுப்போன தாளில் அவளுக்காக எழுதியதை இங்கேயும் எழுதுகிறேன். டாக்டரம்மா அன்று சொன்னதுதான். இந்த முறை எதையும் விடவில்லை.

பிள்ளை பிறந்த பிறகு நஞ்சு தானாகக் கழன்று வரும்வரை பொறுத்திருங்கள். கொடியைப் பிடித்து இழுக்காதீர்கள். நஞ்சு விழுந்ததும் தாயின் வயிற்றில் கையை வைத்துப் பாருங்கள், கர்ப்பப்பை கல்போல இறுகியிருக்க வேண்டும். தொளதொளவென்று இருந்தால் இறுகும்வரை தேய்த்துவிடுங்கள். நஞ்சை உடனே புதைக்காதீர்கள். வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து, கழுவி, இரண்டு பக்கமும் திருப்பி, விரித்துப் பாருங்கள். அதைப் பார்ப்பதால் யாருக்கும் பால் வற்றாது. துண்டு துண்டாக இருப்பதெல்லாம் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். ஓரிடத்தில் பிய்ந்து குறைந்திருந்தால், குறைந்த துண்டு தாயின் வயிற்றுக்குள் இருக்கிறது. அவள் நன்றாகப் பேசிக்கொண்டிருந்தாலும் சரி, சிரித்துக்கொண்டிருந்தாலும் சரி, அப்போதே ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள், நாளைக்கு என்று வைக்காதீர்கள்.

லாத்தா, வெள்ளைத் தட்டு அதற்குத்தான்.